மிக்ஜாம் புயல் நிவாரண நிதிச் சர்ச்சை

மிக்ஜாம் புயல் நிவாரண நிதிச் சர்ச்சை என்பது, 2023 டிசம்பர் புயல், வெள்ளச் சேதங்களுக்குப் பேரிடர் நிதி வழங்குவது குறித்துத் தமிழ்நாடு அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே எழுந்து, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம்வரை சென்ற பூசல்.

பாதிப்பும் உதவியும்

டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள் வெள்ளக்காடாயின. திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய கோரைக்குப்பம், கூனங்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களில் புயல் எச்சரிக்கை வந்தாலே தொழில் முடங்கும். கரையேற்றிய படகும் வலையும்கூடக் காற்றுக்கும் அலைக்கும் தப்பும் என்பதற்கில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கடைகள் வழியாக ரூ.6,000 ரொக்கம் தர மாநில அரசு முடிவெடுத்தது. முழுவதும் சேதமடைந்த கட்டுமரத்துக்கான உதவித்தொகை ரூ.32,000-இலிருந்து ரூ.50,000 ஆகவும், வலைக்கானது ரூ.10,000-இலிருந்து ரூ.15,000 ஆகவும் உயர்த்தப்பட்டன.

சிக்கலின் மையம்

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் ஒன்றிய அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 25 விழுக்காடு. அது போதாதபோது தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து கூடுதல் தொகை கோரலாம். இரு தவணைகளில் ரூ.900 கோடி தந்துவிட்டதாக ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறினார். அது ஆண்டுதோறும் வரவேண்டிய பங்குதானே தவிர புயலுக்கென வந்த பணமன்று என்பது தமிழ்நாட்டின் வாதம். புயலுக்கும், அதே மாதம் தென்மாவட்டங்களில் வந்த வெள்ளத்துக்குமாக மாநிலம் கேட்டது ரூ.37,907 கோடி.

வழக்கும் ஒதுக்கீடும்

மக்களவைத் தேர்தல் பரப்புரை சூடுபிடித்திருந்த 2024 ஏப்ரல் தொடக்கத்தில், ஒன்றிய, மாநில அரசுகளிடையேயான பூசலை உச்ச நீதிமன்றம் நேரடியாக விசாரிக்க வகைசெய்யும் அரசமைப்பின் 131-ஆவது உறுப்பின்கீழ் தமிழ்நாடு வழக்குத் தொடுத்து, இடைக்காலமாக ரூ.2,000 கோடி கேட்டது. ஏப்ரல் 19 அன்று மாநிலத்தில் வாக்குப்பதிவு முடிந்தது. அடுத்த வாரமே இரு பேரிடர்களுக்கும் சேர்த்து சுமார் ரூ.276 கோடி விடுவிக்கப்பட்டது.

ஒப்பீடு

வறட்சி நிவாரணம் கேட்டுக் கர்நாடகமும், ஒன்றிய அரசு விதித்த கடன் வரம்பை எதிர்த்துக் கேரளமும் இதே காலத்தில் உச்ச நீதிமன்றத்தை நாடின. கேரளத்துக்கு இடைக்கால நிவாரணம் மறுக்கப்பட்டு, மாநிலங்கள் கடன் வாங்குவது பற்றிய 293-ஆவது உறுப்பு குறித்த கேள்வி 2024 ஏப்ரல் 1 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

ஒன்றிய அரசின் விதிமுறைகளுக்கு மேல் மாநிலம் உயர்த்தித் தரும் தொகை முழுவதும் மாநிலக் கருவூலத்தின் பொறுப்பு. எனவே தில்லியின் ஒதுக்கீடு குறைந்தால், குப்பத்துக்கு அறிவித்த உதவிக்கும் மாநிலம் தன் வருவாயையோ கடனையோதான் நம்ப வேண்டியிருக்கிறது.