த்ரீ நாட் த்ரீயும் தங்கவயலும்

2018-ல் கேஜிஎஃப் படம் வந்த பிறகு, கோலார் தங்கவயல் என்றாலே நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிதான் ஞாபகம் வருகிறது. தங்கம் அப்புறம்தான் :-) நிஜமான தங்கவயலில் துப்பாக்கி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அது யார் கையில் இருந்தது, யார் கையில் இல்லை என்பதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். வணிகவியல் படித்து வங்கியில் கணக்குப் பார்க்கும் ஆசாமி துப்பாக்கியைப் பற்றி எழுதலாமா என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு வகையில் வரவு செலவுக் கணக்குதான்.

முதலில் தோட்டா. அதில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளைக் கூடு, அடியில் இருக்கும் கேப், உள்ளே மருந்து, நுனியில் ரவை. சுட்ட பிறகு மிஞ்சுவது பித்தளைக் கூடு மட்டும். விலையில் பெரும்பங்கும் அதுதான். அதற்குப் புதுக் கேப்பும் மருந்தும் ரவையும் வைத்து மறுபடி தோட்டா ஆக்குவதை இங்கே அமெரிக்காவில் ஹேண்ட்லோடிங் என்கிறார்கள். பலருக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நமக்கும் இது ரொம்பப் புதிது இல்லை. நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியை நினைத்துப் பாருங்கள். குழல் வாயில் மருந்தைக் கொட்டி, துணியை அடைத்து, ரவையைப் போட்டு, கம்பியால் இடிப்பார்கள். ஒவ்வொரு வெடியும் கைத்தயாரிப்பு.

பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு இப்படித் தோட்டா தயாரிப்பவர்கள் அவசரப்படுவதில்லை. குறைந்த மருந்தில் ஆரம்பித்து, துளித்துளியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் சுட்ட கூட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். காரணம் அழுத்தம். த்ரீ நாட் த்ரீ என்று நம்மூர் போலீஸார் சொல்லும் லீ-என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருக்கின்றன. வெடிக்கும்போது போல்ட் கொஞ்சம் இழுபடும், கூடும் அதோடு நீளும். நாலைந்து தடவை நீண்ட பித்தளை அடிப்பக்கம் வெடித்துவிடும். நூறு வருஷத்துப் பழைய இரும்பிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

த்ரீ நாட் த்ரீ சாதாரணத் துப்பாக்கி இல்லை. .303 தோட்டா 1888-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது, லீ-என்ஃபீல்ட் 1895-ல். வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலை இதைத் தயாரித்தது. 2008 மும்பைத் தாக்குதலின்போதுகூடச் சில போலீஸார் கையில் இதுதான் இருந்தது.

ஆனால் அந்தக் காலத்து ராணுவத் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்புவது லேசில்லை. உள்ளே இருந்தது பொடி அல்ல, கார்டைட். சேமியா மாதிரி நீள நீளமான இழைகள். கூட்டின் கழுத்தை ஒடுக்குவதற்கு முன்பே இழைகளைக் கட்டாக உள்ளே வைத்துவிட்டு, அப்புறம்தான் தொழிற்சாலையில் கழுத்தை ஒடுக்குவார்கள். கேப்பும் பெர்டான் வகை. கழற்றுவது பெரும்பாடு. சுலபமாகக் கழற்றக்கூடியது பாக்ஸர் வகை. இதில் ஒரு வேடிக்கை. பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேய அதிகாரி. கடைசியில் அமெரிக்கர்கள் பாக்ஸர் கேப்புக்கும், பிரிட்டிஷ் ராணுவம் பெர்டான் கேப்புக்கும் போய்விட்டார்கள்!

இந்தக் கார்டைட் நம் நீலகிரியில் தயாரானது. குன்னூர் பக்கத்து அருவங்காட்டில் 1900-களின் ஆரம்பத்தில் வந்த தொழிற்சாலையின் பெயரே கார்டைட் ஃபேக்டரிதான். ஊட்டி ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். ஆரம்பகாலக் கார்டைட்டில் பாதிக்கு மேல் நைட்ரோகிளிசரின். அது அதிகச் சூட்டில் எரிந்து குழலை அரித்ததால், பிறகு அளவைச் சுமார் 30 சதவீதமாகக் குறைத்தார்கள்.

இந்த நைட்ரோகிளிசரின்தான் நம்மைத் தங்கவயலுக்குக் கூட்டிப்போகிறது. நோபல் 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1875-ல் இன்னும் வலுவான ஜெலட்டின் வெடியைக் கண்டுபிடித்தார். இரண்டுக்கும் உயிர் நைட்ரோகிளிசரின். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாருக்கு வந்த பிறகு பாறையைப் பிளந்தது இந்தக் குடும்பத்து மருந்துகள்தான். கார்டைட் வேகமாக எரிந்து ரவையைத் தள்ளும். டைனமைட் எரிவதில்லை, ஒரே நொடியில் அதிர்ந்து பாறையை நொறுக்கும். மூலப்பொருள் ஒன்றுதான், வேலை வேறு.

அந்தப் பாறையில் துளை போட்டவர்களும், வெடித்த பிறகு புகையும் தூசும் அடங்காத இடத்தில் கல் அள்ளியவர்களும் பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள், தெலுங்கு பேசும் சித்தூர்க்காரர்கள். பலர் தாழ்த்தப்பட்ட சாதியினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில் பாறை தானாகவே வெடித்து ஆளைக் கொல்லும்.

மேலே என்ன நடந்தது? அதே ஊரில் தொண்டர் படை ஒன்று இருந்தது. 1920 சட்டத்துக்குப் பிறகு அது இந்தியத் துணைப் படையின் கோலார் தங்கவயல் பட்டாலியன். இந்தத் துணைப் படையில் சேர ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும்தான் இடம். உள்நாட்டில் கலவரம் வந்தால் அரசுக்குக் கைகொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. தங்கவயல் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. தொழிலாளிகள் கிளம்பி வந்த வட ஆர்க்காடும் சேலமும் பிரிட்டிஷ் இந்தியா. அங்கே 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. முதல் உலகப்போருக்குப் பிறகுதான் இந்த இனப் பாகுபாடு விதிகளிலிருந்து போனது.

லைசென்ஸ் கிடைத்தாலும் .303 கிடைக்காது. ராணுவத் தோட்டாவைத் திருடினால் பயன்படக்கூடாது என்பதற்காக ராணுவ அளவுத் துப்பாக்கிகள் தனியாருக்குத் தடை. அதனால்தான் பழைய ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டா .315 என்ற பெயரில் இந்தியாவில் வாழ்ந்தது. இஷாப்பூர் பிறகு அதற்கென்றே லீ-என்ஃபீல்ட் அமைப்பில் வேட்டைத் துப்பாக்கி செய்தது. எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும், வாங்கும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதிவு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது இன்றும் இந்தியாவில் குற்றம். இங்கே கடையில் மருந்து டப்பாவை அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த லைசென்ஸ் புத்தகம்தான் நினைவுக்கு வரும்.

1930-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் காந்தி வைஸ்ராய் இர்வினிடம் வைத்த 11 கோரிக்கைகளில் உப்பு வரி எல்லோருக்கும் தெரியும். தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தர வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அதே வருஷம் தங்கவயல் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்கு? தங்கள் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாறைக்குள் நைட்ரோகிளிசரினோடு வேலை பார்க்க இவர்களை நம்பலாம். அதே சரக்கு பித்தளைக் கூட்டில் விரல் நீளத்துக்கு இருந்தால் நம்ப முடியாது, மேலே வரும்போது கைரேகையும் வேண்டும். எந்த ஆடிட்டரும் இந்தப் பேரேட்டில் கையெழுத்துப் போடமாட்டார். ஆபத்துக்குப் பயந்து போட்ட விதி என்றால் சுரங்கத்துக்குள்ளும் அது செல்லுபடியாகியிருக்க வேண்டும். அங்கே செல்லவில்லை என்றால் பயம் மருந்தைப் பற்றியது அல்ல, ஆளைப் பற்றியது.

துணைப் படை சுதந்திரத்தோடு கலைந்தது. சுரங்கங்கள் 1956-ல் அரசுக்கு வந்து, 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. அருவங்காடு இன்றும் ஓடுகிறது, 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழே.

உங்கள் குடும்பத்தில் யாராவது மாரிகுப்பத்திலோ உரிகத்திலோ வேலை பார்த்திருந்தால், அவர் துளை போட்டாரா, கல் அள்ளினாரா, மருந்து வைத்தாரா என்று பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கைதட்டும் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள். அந்த ஊரில் நாள் தவறாமல் கேட்ட வெடிச் சத்தம், பூமிக்குக் கீழே நம் ஆட்கள் வேலை செய்த சத்தம்.