டூலா: அடிமைப் பெண்ணின் பெயரும் அரசுப் பிரசவ அறையும்

பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணின் அருகிலேயே இருந்து, இடுப்பை நீவிவிட்டு, தைரியம் சொல்லி, அவளுக்காக மருத்துவரிடம் கேள்வி கேட்கும் துணைப் பெண்ணை இன்று 'டூலா' என்கிறார்கள். நம் பெருநகரங்களில் வசதியுள்ளவர்கள் காசு கொடுத்து இவர்களை அமர்த்துகிறார்கள். டூலா கிரேக்கச் சொல். பண்டைய கிரேக்கத்தில் அதற்கு அடிமைப் பெண் என்று பொருள். அமெரிக்க மானுடவியலாளர் டானா ரஃபேல் 1973இல் வெளியிட்ட நூல் வழியாக அது பரவியது. இந்த வேலையைக் காலங்காலமாக யார் செய்தார்கள் என்று பார்த்தால், பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைமுறைக் காலம் தொட்டே பேறு பார்த்தவர்கள் கறுப்பினப் பெண்கள். அவர்களைப் 'பாட்டி மருத்துவச்சி' என்று அழைத்தார்கள். பிள்ளை பிறந்ததும் கிளம்பிவிட மாட்டார்கள். சமைத்து, துணி துவைத்து, தாய் எழுந்து நடமாட உதவினார்கள். அலபாமாவின் மார்கரெட் சார்லஸ் ஸ்மித் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கையில் ஏந்தியவர். நிறவெறி மருத்துவமனைக் கதவுகளை மூடியிருந்த காலத்தில் கறுப்பின ஏழைகளுக்கு இவர்கள்தான் மருத்துவமனை.

1921இல் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் வந்தது. தாய் சேய் நலத்துக்கு அரசு பணம் ஒதுக்கியது நல்ல காரியம். ஆனால் பயிற்சியோடு கண்காணிப்பும் சேர்ந்து வந்தது. மருத்துவச்சியின் பையைச் சோதித்தார்கள், மூலிகையைத் தடுத்தார்கள். வறுமையும் மூடிய கதவும் செய்த கொலைகளுக்கு, 'அழுக்கான, மூடநம்பிக்கை பிடித்த' மருத்துவச்சியின் மேல் பழி விழுந்தது. 1976இல் அலபாமா சட்டம் போட்டு இந்தத் தொழிலுக்கு முடிவு கட்டியது.

அடுத்த சில ஆண்டுகளில் மருத்துவ அறிவியல் என்ன கண்டுபிடித்தது தெரியுமா? பக்கத்தில் ஒரு பெண் இருந்தாலே பிரசவம் நன்றாக நடக்கிறது என்று! 1980இல் வெளியான குவாதமாலா ஆய்வில், முன்பின் தெரியாத, மருத்துவப் பயிற்சி இல்லாத ஒரு பெண் உடனிருந்தார். சிக்கலில்லாத பிரசவங்களில், சேர்க்கப்பட்டதிலிருந்து குழந்தை பிறக்கும்வரை துணை இருந்தவர்களுக்குச் சராசரியாக 8.8 மணி நேரம். துணை இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரம். 1991இல் வெளியான ஹூஸ்டன் ஆய்வு ஏழைப் பெண்கள் வரும் மருத்துவமனையில் நடந்தது. அங்கே சிசேரியன் 18 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தது.

யாரிடமிருந்து பிடுங்கினார்களோ அவர்களிடம் இது திரும்பிப் போகவில்லை. சான்றிதழ் வகுப்பாகி, வசதியுள்ளவர்களுக்கான சேவையாகிவிட்டது. 2021இல் அமெரிக்காவில் 1 லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார் 69.9 பேர் இறந்தனர், வெள்ளையினத்தவர் 26.6 பேர். கறுப்பினப் பெண்கள் அமைப்புகள் போராடியதால், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டு பல மாநிலங்களில் டூலாவுக்குக் கட்டணம் தரத் தொடங்கியது. ஒரிகன், மினசோட்டா முன்னால் போயின. கலிபோர்னியா 2023இல் சேர்ந்தது. மினசோட்டா தொடக்க ஆண்டுகளில் பிரசவத்துக்கும் ஆறு சந்திப்புகளுக்கும் சேர்த்துத் தந்தது 411 டாலர். அதை வைத்து எந்த ஏழைப் பெண் இந்த வேலையில் நிலைக்க முடியும்?

இந்தக் கதை நமக்குப் புதிதா? வட இந்தியாவில் தாயாக, அதாவது பேறு பார்ப்பவராக, இருந்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். தமிழகத்தில் முடிதிருத்தும் சமூகப் பெண்கள் 'மருத்துவச்சி' ஆனார்கள். தொப்புள்கொடி அறுப்பதைத் 'தீட்டு' என்று அவர்கள் தலையில் கட்டிய அதே சமூகம், பிறகு அவர்களையே அழுக்கு என்றது. ஆங்கிலேயர் ஆட்சியும் அவர்களைத்தான் குற்றவாளியாக்கியது.

இன்று நம் பெண்கள் பிள்ளை பெறுவது அரசு மருத்துவமனையில். அது பாதுகாப்பானது, அதற்காகத்தான் போராடினோம். அங்கே உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்று தமிழ்நாடு 2004இலேயே சொன்னது. ஒன்றிய அரசு 2016இல் சொன்னது. தனியாகப் படுத்திருப்பவளைத் திட்டுவதும் அடிப்பதும் எளிது. பக்கத்தில் ஒரு சாட்சி இருந்தால் அது எளிதல்ல. ஆனால் உடன் வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி போகிறதே, அதை யார் தருவது? சூளையிலிருந்து தனியாக வரும் பெண்ணுக்கு யார் துணை?

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், மக்கள் நலம் காப்பது முதன்மையாக அரசின் பொறுப்பு என்றார். அந்த வாதத்தை நாம் பிரசவ அறைக்குள் கொண்டுபோக வேண்டும். துணை இல்லாத பெண்ணுக்கு அரசு சம்பளத்தில் துணை வேண்டும். அந்த வேலைக்கு நம் பெண்கள் வந்தால் முறையான ஊதியமும் மரியாதையும் வேண்டும். சாதி இலவசமாக வாங்கிய உழைப்பை அரசும் இலவசமாக வாங்கக் கூடாது.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் பிரசவித்த பெண்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வலி வந்தப்போ பக்கத்துல யார் இருந்தாங்க?" பதில்களை எழுதி வையுங்கள். நம் கோரிக்கை மனு அங்கிருந்துதான் தொடங்கும்.