ஆள் கிடைக்காத நாடகம்

கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது சிவகாசிக் கொள்ளையைப் பற்றி ஒரு நாடகம் எழுதினேன். நாற்பது நிமிஷ நாடகம். லீவுக்கு ஊருக்கு வந்தபோது எழுதியதை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏய்யா, எல்லாரும் நின்னு நின்னு பேசிக்கிட்டே இருக்காகளே, இவுகளுக்கு வீடு வாசல் கெடையாதா?" என்றாள்.

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. அவள் சொன்னது என்னவென்று விளங்க எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

கொள்ளை நடந்தது 1899இல். சிவகாசி அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. விருதுநகருக்கு விருதுபட்டி என்று பெயர். வியாபாரத்தில் முன்னேறிய நாடார்கள், மகமை பிரித்துப் பொதுக்காரியங்கள் செய்து பலமடைந்திருந்தார்கள். சிவன் கோயிலுக்குள் நுழையும் உரிமையைக் கேட்டார்கள். மற்ற சாதியார் எதிர்த்தார்கள். எதிர்ப்பில் முன்னால் நின்ற மறவர்களுக்கு, காவல் தொழிலும் அதன் வருமானமும் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நாலு வருஷம் முன்னால், 1895இல், கழுகுமலையில் தேரோடும் வீதியை ஒட்டி வந்த தகராறில் ரத்தம் சிந்தியிருந்தது. 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் சிவகாசியைத் தாக்கினார்கள். வீடுகள் எரிந்தன. இரு பக்கமும் உயிர்கள் போயின. பிறகு கலவரம் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பரவியது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார்களைப் பற்றி 1969இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்த வரலாறு விரிவாக இருக்கிறது.

இதைப் படித்ததும் நாடகம் தயார் என்று நினைத்துவிட்டேன். மூட்டம், மோதல், உச்சம், அடக்கம் என்று கதைப்போக்கு தானாகவே அமைந்து கிடக்கிறது. கருப்பொருளும் வெளிப்படை: சாதி, சொத்து, சாமி. மேடையில் இரண்டு பேரை நிறுத்தினேன். ஒருவர் கடைக்காரர், ஒருவர் காவல்காரர். இருவரும் தலையங்கம் வாசிப்பதுபோலப் பேசினார்கள். கடைக்காரர் தன் சமூகத்தின் நியாயத்தைச் சொல்வார். காவல்காரர் தன்னுடையதைச் சொல்வார். பிறகு தீ.

அரிஸ்டாட்டில் கவிதையியலில் கதைப்பின்னலை முதலில் வைக்கிறார், பாத்திரத்தை இரண்டாவதாக, எண்ணத்தை மூன்றாவதாக. பாத்திர வார்ப்பு இல்லாமல்கூட ஒரு துன்பியல் நாடகம் இருக்கலாம், செயல் இல்லாமல் இருக்க முடியாது என்பது அவர் கட்சி. அவருக்கென்ன, கிரேக்கத்தில் இருந்துகொண்டு சொல்லிவிட்டார். என் நாடகத்தில் செயலுக்குப் பஞ்சமே இல்லை. அப்பத்தா கொட்டாவி விட்டாள்.

அதே அப்பத்தா, பொங்கல் சாட்டிய ஊரில் 'வள்ளி திருமணம்' போட்டால் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய அந்த நாடகத்தின் கதை கைப்பிள்ளைக்கும் தெரியும். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், நாரதர் வேறொரு ஊரிலிருந்து. மேடையில்தான் சந்திப்பார்கள். கதை மாறாது என்பதால்தான் தர்க்கத்தில் அவ்வளவு விளையாட முடிகிறது. இன்றைக்கு வந்திருக்கிற வள்ளி வாய்த்துடுக்கானவளா, சிரித்தே மடக்குகிறவளா? முருகன் வள்ளியைக் கட்டுவாரா என்ற கேள்வியோடு யாரும் அங்கே பாய் விரிப்பதில்லை. இந்தப் பெண் எப்படி சம்மதிக்கப் போகிறாள் என்பதற்குத்தான் கூட்டம்.

எனக்கு இது பிடிபட்டது பூமணியைப் படித்தபோது. கோவில்பட்டி பக்கம் ஆண்டிபட்டிக்காரர், எங்களுக்கு அண்டை கரிசல். 1982இல் வந்த 'வெக்கை'யில் கொலை முதலிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம் வடக்கூரானை வெட்டிவிட்டான். அவன் எண்ணியது கையை மட்டும் எடுக்க. மற்றவர்கள் கடைசியில் வைத்திருக்கும் சம்பவத்தைத் தூக்கி முதலில் போட்டாயிற்று. மிச்சமிருப்பது ஓட்டமும் ஒளிவும், ஓடைக்கரையில் சோறு பொங்குவதும், மகனோடு அலையும் அப்பனும்தான். பையன் செய்ததை அய்யா ஒரு வார்த்தை கண்டிப்பதில்லை, கொண்டாடுவதும் இல்லை. அவன் பசியைத்தான் பார்க்கிறார். நிலம், சாதி, சட்டம் எல்லாம் அந்தப் பார்வைக்குள் இருக்கின்றன. யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அதை வெற்றிமாறன் 2019இல் 'அசுரன்' ஆக்கியபோது, அப்பாவுக்கு ஒரு முன்கதை கொடுத்தார். பஞ்சமி நிலம், செருப்பு, எரிந்த குடிசைகள். அந்தப் பொறுமைசாலி ஏன் பொறுமைசாலியானான் என்று தியேட்டருக்குக் காரணம் தேவைப்பட்டது. காரணம் வந்ததும் ஆள் மாறிவிட்டார், ஆள் மாறியதும் படத்தின் பேச்சும் மாறியது. கடைசியில் மகனிடம் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. நான் படத்தைக் குறை சொல்லவில்லை, இரண்டு தடவை பார்த்தேன். ஆனால் நாவலின் அய்யா அப்படி ஒரு வசனம் பேசுவார் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு முன்கதையைச் செருகினால் மூன்றுமே நகர்ந்துவிடுகின்றன. தனித்தனியாகத் திருக முடிகிற திருகாணிகள் இல்லை அவை.

பிறகு 2012இல் 'அஞ்ஞாடி' வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். 2014இல் சாகித்திய அகாதெமி விருது. கழுகுமலையும் சிவகாசிக் கொள்ளையும் அதில் உண்டு என்று கேள்விப்பட்டு, என் நாடகத்துக்குத் துப்பு கிடைக்குமென்று பறந்து போய் வாங்கினேன். பூமணியோ கலிங்கல் என்ற கிராமத்தில், ஆண்டி, மாரி என்ற இரண்டு சேக்காளிகளிடமிருந்து ஆரம்பிக்கிறார். ஒருவன் சம்சாரிப் பிள்ளை, ஒருவன் ஊர்த்துணி வெளுக்கிற வீட்டுப்பிள்ளை. கொள்ளை எங்கே, கொள்ளை எங்கே என்று நான் பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர்கள் வளர்கிறார்கள், மழை பொய்க்கிறது, தலைமுறை மாறுகிறது. ஆவணங்கள் கதையை மிதித்துக்கொண்டு போகும் இடங்களும் இருக்கின்றன, அங்கே எனக்கு அலுத்தது. ஆனால் கலவரம் கடைசியில் வந்து சேர்ந்தபோது, யார் ஜெயிப்பார் என்று மனம் கேட்கவில்லை. இந்தத் தானியத்தை எங்கே கொண்டு ஒளிப்பார்கள் என்று கேட்டது.

அப்பத்தா கேட்ட வீடு வாசல் அதுதான்.

இது இலக்கியக்காரர்களின் கவலை மட்டுமில்லை. எங்கள் பக்கத்தில் வருஷா வருஷம் வெடிவிபத்து நடக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். செய்தியின் வாக்கியத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டது, அறைகள் தரைமட்டமாயின, பலி எண்ணிக்கை உயர்ந்தது. எழுவாயெல்லாம் உராய்வும் அறையும் எண்ணிக்கையும். 1899ஐப் பற்றி நான் எழுதிய நாடகமும் இந்த இலக்கணத்தில்தான் இருந்தது. 1923இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் கதையை 'குட்டி ஜப்பான்' என்ற வெற்றிக்கதையாகச் சொல்வார்கள், இல்லாவிட்டால் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையாகச் சொல்வார்கள். இரண்டும் பொய்யில்லை. இரண்டிலும் குச்சி அடுக்குகிற பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்காது. பூமணி இயக்கிய ஒரே படமான 'கருவேலம் பூக்கள்' அந்தப் பிள்ளைகளைத் தேடித்தான் அவர்கள் வீட்டுக்குள் போனது.

அப்பத்தாவிடமும் ஒரு கொள்ளைக் கதை இருந்தது. அவளுடைய மாமியார் சொன்னது. மாமியார் அப்போது ஏழெட்டு வயசுப் பிள்ளை. கூட்டம் வருதுன்னு தெரிஞ்சதும் வீட்டிலிருந்தவர்கள் பித்தளைப் பாத்திரங்களைக் கிணற்றில் இறக்கிவிட்டு, தானியக் குதிருக்குப் பின்னால் ஒளிந்தார்களாம். "வீட்டுல ஒரு கோழி இருந்திருக்கு. விட்டுட்டு வர மனசில்ல போல. சத்தம் போட்டா காட்டிக்குடுத்துருமேன்னு, ராவெல்லாம் அது வாயைப் பொத்தி மடியில வச்சிருந்தாளாம். விடிஞ்சு பாத்தா கையெல்லாம் கொத்துப்பட்ட ரெத்தம்." வெளியே வந்தது யார், எந்தத் தெரு எரிந்தது, எதற்காக, ஒன்றும் அவள் சொல்லவில்லை. நானும் இதை நாடகத்துக்கு ஆகாத விஷயம் என்று ஒதுக்கிவைத்திருந்தேன்.

போன வருஷம் மறுபடியும் எழுத உட்கார்ந்தேன். பழையதில் ஒரு வரிகூட எடுக்கவில்லை. மேடையில் ஒரு பிள்ளை, ஒரு குதிர், வெளியிலிருந்து சத்தம். இரண்டு காட்சி நன்றாக ஓடியது. மூன்றாவதில் நின்றுவிட்டேன். அது பெட்டையா சேவலா என்று கேட்டு வைக்கவில்லை. அப்பத்தா போய் ஆறு வருஷமாச்சு. சேவலென்றால் விடியக்காலம் கூவும்.