மலை நீரும் கடல் நீரும்: தூண்டிற்கோலின் கதை

இலங்கைப் புகையிரதப் பாதையில் யாவற்றினும் உயர்ந்த இடத்தில் அமைந்த நிலையம் பட்டிப்பொல என்பதை நம்மவர் பலரும் அறிவர். கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், குளிரும் மூடுபனியும் சூழ நிற்கிறது அச்சிற்றூர். அதை அடுத்துள்ள ஹோட்டன் சமவெளியே மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று ஆறுகளுக்கும் நீர் ஊட்டும் தாய்நிலம். அங்குப் பெய்யும் மழையில் ஒரு பங்கு கொட்டியாரக் குடாவிலும், ஒரு பங்கு கொழும்பின் வடபால் உள்ள கடலிலும், மற்றொரு பங்கு அம்பலாந்தோட்டைக்கு அருகே தென்கடலிலும் சென்று கலக்கிறது. மலையுச்சியில் வாழ்வோருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று வினவுவோருக்கு இம்மூன்று ஆறுகளுமே விடை பகரும்.

தொழிலின் பொருட்டு மலையகத்திலிருந்து கரையோர நகரங்களுக்குச் செல்லும் இளைஞர்களில் சிலருக்குக் கடற்றூண்டிலில் ஆர்வம் பிறக்கிறது. எறிவதற்குரிய ரீல் ஒன்றை எப்படியோ வாங்கிவிடுகிறார்கள். அதன் பின்னரே, இந்த ரீலுக்கு ஏற்ற கோல் எது, அதுவும் நம் கைக்கு எட்டும் விலையில் எது என்ற கேள்வி எழுகிறது. இது வெறும் கடைத்தெருக் கேள்வியன்று. இதன் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர் விலைச்சீட்டைக் கண்டு மயங்கார்.

தூண்டில் தமிழருக்குப் புதியதன்று. குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடிய புலவர் மீனெறி தூண்டிலார் என்றே பெயர் பெற்றார். தினைப்புனம் காப்போர் விடும் கவணின் ஒலிக்கு அஞ்சி, காட்டு யானையொன்று தான் வளைத்துத் தின்னவிருந்த பச்சை மூங்கிலைக் கைவிடுகிறது. விடுபட்ட மூங்கில், மீனைப் பற்றிய தூண்டிற்கோல் மேலெழுவது போல விசைத்து நிமிர்கிறது. இதுவே அவர் காட்டும் உவமை. ஒரு கோலின் பண்பு எது என்பதை இதனினும் சுருக்கமாக எவரால் சொல்ல இயலும்? வளைய வேண்டும், வளைந்தது முறியாமல் நிமிர வேண்டும், நிமிரும் விசையில் வேலை நடக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அண்மையான காலம் கடந்தும் இவ்விலக்கணம் மாறவில்லை.

அக்காலக் கோலில் ரீல் இல்லை. நூலின் ஒரு முனை கோலின் நுனியிலேயே கட்டப்பட்டிருந்தது. ஆகவே கோலும் நூலும் எட்டும் தூரமே மீனவனின் எல்லை. நூலைச் சுற்றி வைத்து வேண்டும்போது விடும் உருளை மேனாட்டில் மெல்ல மெல்ல வளர்ந்தது. நூலை நெடுந்தூரம் எறிவதற்கென்றே உருளை செய்தவர்களுள் முன்னோடியாகக் கூறப்படுபவர் ஜோர்ஜ் ஸ்னைடர். அவர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்னும் ஊரில் வாழ்ந்த கடிகாரத் தொழிலாளி. காலம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அவருக்குப் பின் அதே மாநிலத்தில் மீக் சகோதரர்கள் அத்தொழிலைச் செம்மைப்படுத்தினர். அவர்களும் கடிகாரம் செய்தவர்களே. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும்படி பற்சக்கரங்களை அமைப்பதற்குக் கடிகாரத் தொழிலாளியின் நுண்ணிய கைத்திறன் தேவைப்பட்டது. எனவே அந்த ரீல் எளியோரின் கைக்கு எட்டாத பொருளாகவே பிறந்தது.

கோலின் கதையோ நம்மை ஆசியாவுக்கே திருப்பிக் கொண்டு வருகிறது. 1840களில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் வாழ்ந்த சாமுவேல் பிலிப்பி என்னும் துப்பாக்கித் தொழிலாளி, மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து, சீவி, மீண்டும் ஒட்டிக் கோல் செய்தார். பின்னர் ஹைரம் லெனாட் என்பவர் ஆறு கீற்றுகளைக் கொண்ட கோலைப் பெருவாரியாகச் செய்தார். இங்கிலாந்தில் அல்னிக் நகரத்து ஹார்டி சகோதரர்களின் பட்டறை 1872இல் தொடங்கிற்று. இக்கலைக்குத் தொடக்கத்தில் பயன்பட்டது கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய இந்திய மூங்கில். அதற்குக் கல்கத்தா மூங்கில் என்றே பெயர். பின்னர் தென் சீனத்து மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. நம் நாடுகளின் பக்கத்திலிருந்து சில காசுக்குச் சென்ற புல்லினம், பட்டறை ஒட்டும் பட்டு நூற்கட்டும் மெருகும் பெற்று, பெருவிலைப் பொருளாகக் கீழ்த்திசைக்கே திரும்பி வந்தது.

திரும்பி வந்த இடங்களுள் ஒன்று நமது மலைநாடு. புகையிரதம் 1885இல் நானுஓயாவை அடைந்தது. 1893இல் பட்டிப்பொலயைக் கடந்து அப்புத்தளையை எட்டியது. அதே காலப்பகுதியில் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் ஐரோப்பிய ட்ரவுட் மீனை வளர்க்கும் முயற்சிகளும் நடைபெற்றன. 1880களில் பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகள் கடல் கடந்து கொண்டுவரப்பட்டன. பின்னர் வந்த வானவில் ட்ரவுட்டே இம்மலைகளில் இனம் பெருக்கி நிலைத்தது. தமிழகத்து நீலகிரியிலும் இதே கதை நடந்தது. 1860களில் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வில்சன் என்பவரின் மேற்பார்வையில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைந்த பின்னரே அங்கு ட்ரவுட் வேரூன்றியது.

இவ்வளவு பாடு எதற்காக? தோட்டத்துத் துரைமாரிடம் ஸ்கொத்லாந்து ஓடைகளுக்கென்று செய்யப்பட்ட கோல் இருந்தது. அக்கோலுக்குரிய மீன் இங்கில்லை. ஆகவே மீனை வரவழைத்தார்கள். கோலுக்கு ஏற்றவாறு நீரையே மாற்றியமைத்தார்கள் என்று கூறினும் மிகையாகாது. ட்ரவுட் பிடிப்பதற்கு உரிமச்சீட்டு வேண்டும். அதற்கெனக் கழகமும் விதிகளும் இருந்தன. ஓடைக்கரையிலே லயங்களில் வாழ்ந்து, கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் நாட்கூலி பெற்ற நம்மக்களுக்கு அந்த விளையாட்டில் இடமிருக்கவில்லை. கோலின் விலையும் சீட்டின் விதியும் இரட்டை வேலியாய் நின்றன.

இம்மாற்றத்திற்கு இயற்கையும் விலை கொடுத்தது. ஹோட்டன் சமவெளியில் ஊற்றெடுக்கும் பெலிகுல் ஓயாவின் ஒரு குறுகிய பகுதியில், உலகில் வேறெங்கும் காணப்படாத சிறு நன்னீர் இறால் ஒன்று வாழ்கிறது. கரிடினா சிங்களென்சிஸ் என்பது அதற்கு அறிவியலார் இட்ட பெயர். வெளியிலிருந்து கொணரப்பட்ட ட்ரவுட், இத்தகைய சிற்றுயிர்களை இரையாக்கும் மீன். அந்த இறாலின் வாழ்வு இடுக்கண் மிக்கதாய் இருக்கிறது. 1988இல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா ஆயிற்று. ஆயினும், ஒருமுறை ஓடையில் விடப்பட்ட மீனைத் திரும்ப அழைப்பது எளிதன்று. கையிலுள்ள கருவிக்காக நீரை மாற்றுவது பேதைமை. நீரை அறிந்து கருவியைத் தேர்வதே அறிவுடைமை. இவ்வரலாறு புகட்டும் முதற்பாடம் இதுவே.

சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தோமஸ் என்பவர் இப்பாடத்தைப் பின்பற்றிய துரைமாருள் ஒருவர். 1873இல் மங்களூரில் அச்சான தமது நூலில், இந்திய ஆறுகளில் இயல்பாகவே வாழும் மகசீர் முதலிய மீன்களை ஆராய்ந்து, அவற்றைப் பிடிக்கும் முறையை எழுதினார். உள்ள மீனை அறிந்து அதற்கேற்ற தூண்டிலை நாடும் வழி அது.

இனி, வேலிகள் தளர்ந்த வரலாற்றைக் காண்போம். 1905இல் இங்கிலாந்தின் பிராட்போர்ட் பகுதி ஆலைத்தொழிலைச் சார்ந்த இலிங்வர்த் என்பவர், சுழலாத உருளையைக் கொண்ட ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். நூற்பாலைக் கதிரிலிருந்து நூல் கழன்று வருவதைக் கண்டு எழுந்த எண்ணம் அது என்பர். கற்றுக்கொள்ள எளிதான அந்த ரீல் கோலின் கீழே தொங்கும். 1930களின் இறுதியில் நைலோன் வந்தது. நம்மவர் தங்கூசி என வழங்கும் நூல், நாளும் உலர்த்திப் பேண வேண்டிய பட்டு நூலை அகற்றியது. 1940களில் கண்ணாடியிழைக் கோல் அமெரிக்காவில் தோன்றியது. 1950இன் முடிவில் அமெரிக்கா சீன வணிகத்தைத் தடைசெய்தபோது மூங்கில் வரவும் அற்றது, கண்ணாடியிழை வென்றது. ஈரத்தில் உளுக்காத, அச்சில் வார்த்துப் பெருவாரியாகச் செய்யத்தக்க அக்கோலே தூண்டில் விளையாட்டைச் சாமானியரிடம் கொண்டு சேர்த்தது. 1970களில் கரியிழைக் கோல் வந்தது. எறியும் ரீலும் மலிவடைந்தது. அதில் புகழ்பெற்ற அம்பாசடர் ரீலை 1952இல் வெளியிட்ட சுவீடன் நாட்டு நிறுவனம், 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியது என்பது சுவையான செய்தி. கென்டக்கியில் நிகழ்ந்ததே சுவீடனிலும் நிகழ்ந்தது.

இவ்வரலாற்றின் வெளிச்சத்தில் நம் இளைஞரின் கேள்விக்கு விடை காண்போம். எறியும் ரீல் கோலின் மேற்புறத்தில் அமர்வது. எறியும்போது அதன் உருளையே சுழல்வது. இரை காற்றில் வேகம் குன்றும்போதும் உருளை வேகம் குன்றாமல் சுழன்றால், நூல் பந்தாகச் சிக்கிக்கொள்ளும். அதைத் தடுப்பது பெருவிரல். ஆகவே ரீலில் பெருவிரல் இயல்பாகப் படியும்படி கைப்பிடி அமைந்த கோலையே கொள்ள வேண்டும். ஆள்காட்டி விரல் பற்றுவதற்கு அடியிலே கொக்கி போன்ற முளை இருத்தல் நன்று.

அடுத்தது வளையங்கள். தொங்கும் ரீலுக்குரிய கோலில் முதல் வளையம் பெரிதாக இருக்கும். சுருள் சுருளாக வரும் நூலை அது ஒடுக்க வேண்டும். எறியும் ரீலிலிருந்து நூல் நேராக ஓடுவதால் சிறு வளையங்களே போதும். ஆனால் நூல் கோலின் முதுகின் மேல் ஓடுகிறது. மீனின் இழுப்பில் கோல் வளையும்போது, வளையங்கள் குறைவாக இருந்தால் நூல் கோலின் மேனியில் உராயும். எனவே சிறியனவும் நெருக்கமானவும் ஆன வளையங்களே வேண்டும். ஒரு வகைக்குரிய கோலை மற்றொரு வகைக்கு வாங்கிவிட்டுக் கோலைக் குறை கூறுவதில் பயனில்லை.

மூன்றாவது, எடைப் பொருத்தம். கைப்பிடிக்குச் சற்று மேலே, அக்கோல் எறியக்கூடிய எடையும் தாங்கக்கூடிய நூலின் வலுவும் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். ரீலில் சுற்றியுள்ள நூலும், எறியவிருக்கும் ஈயக்குண்டும் அவ்வெல்லைக்குள் அடங்க வேண்டும். படகிலிருந்து பாரை, சீலா பிடிப்போருக்கு ஏழடிக்கு உட்பட்ட கோல் போதும். அலைக்கு அப்பால் குண்டை எறிய வேண்டிய மணற்கரையில் பத்து முதல் பன்னிரண்டு அடிக் கோல் தேவை. கழிமுகத்தில் கொடுவா தேடுவோருக்கு இடைப்பட்ட நீளம் உதவும்.

நான்காவது, உப்பு. மலையோடையின் நீர் கருவியைக் கெடுப்பதில்லை. கடல்நீரோ இரும்பைத் தின்பது. ஆகவே குறைந்த பொருளுடையவர் அதைச் செலவிட வேண்டிய இடம் பளபளக்கும் மேனியன்று; துருவேறாத வளையங்களும் ரீலை இறுகப் பற்றும் இருக்கையுமே ஆகும். கோலின் உடல் கண்ணாடியிழையாய் இருப்பதில் இழுக்கில்லை. கரியிழையினும் சிறிது கனமாயினும், அடியையும் இடியையும் அது நன்கு பொறுக்கும், விலையும் குறைவு. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவித் துடைத்து வைத்தால் மலிவான கோலும் பல ஆண்டு உழைக்கும். கழுவாமல் வைத்தால் உயர்ந்த கோலும் ஒரு பருவத்தில் பாழாகும்.

நேயர்களே, ஒரு காலத்தில் கடிகாரத் தொழிலாளியின் அருங்கலைப் பொருளாயிருந்த ரீலும், துரைமாரின் பெருமைப் பொருளாயிருந்த கோலும் இன்று உழைப்பாளியின் கைக்கு எட்டுவனவாயிருக்கின்றன. அவற்றை வாங்கும் உரிமையோடு, அன்று மலையோடைகளில் நேர்ந்த பிழையைத் திரும்பச் செய்யாதிருக்கும் கடமையும் நம்மைச் சேர்கிறது. முதலில் நீரை அறிக. பின்னர் அதில் வாழும் மீனை அறிக. அதன் பின் ரீலையும் அதற்கிசைந்த கோலையும் தேர்க. இவ்வரிசை மாறாதவரை சிறு விலையிலும் நல்ல கருவி கிடைக்கும். நீரும் தன் செல்வத்தை இழவாது நிற்கும்.