கரையோரத்து ஏடுகளும் கணினிக் கோப்புகளும்

இலங்கையின் கிழக்கே, கல்முனைக் கரையோரத்துச் சிற்றிதழ்கள் குறைந்த படிகளாகவே அச்சாகி, நூலகங்களைவிட வீட்டு அலுமாரிகளிலேயே அதிகம் தங்கின. கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த கவிஞர் எம். ஏ. நுஃமான் 1969–70 காலத்தில் நடத்திய ‘கவிஞன்’ அவ்வகை இதழ்களுள் ஒன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீடுகளை வாரிச் சென்றது. இவ்வூர்கள் அமைந்த அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பேரிழப்பின் முன் ஏடுகளை யாரும் கணக்கெடுக்கவில்லை. வீடுகளோடு அவையும் போயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோதும் அழிந்தவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவை இருந்தன.

ஆழிப்பேரலை அடித்த சில வாரங்களில், 2005 ஜனவரியில், ஈழத்து எழுத்துகளை மின்வடிவாக்கும் ‘நூலகம்’ திட்டத்தைத் தன்னார்வலர்கள் தொடங்கினர். பின்னர் நிறுவனமாக வளர்ந்த அது, முஸ்லிம் சமூகத்தின் வெளியீடுகளையும் திரட்டிவருகிறது.

ஆனால் ஸ்கேன் செய்வதோடு பாதுகாப்பு முடிவதில்லை. வன்தட்டு சில ஆண்டுகளிலேயே பழுதாகலாம்; சேமித்த கோப்பில் ஒரு பிட் சத்தமின்றி மாறலாம். ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சரிபார்ப்பு எண் கணிக்கப்படுகிறது. காலத்துக்குக் காலம் மீண்டும் கணிக்கும்போது எண் வேறுபட்டால் அந்தப் படி கெட்டுவிட்டது. வேறிடத்து நல்ல படியிலிருந்து அதை மீட்க வேண்டும். படிகள் ஒரே ஊரில் இருந்தால் இந்த ஏற்பாடு வீண். நூலகம் நிறுவனத்தோடு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகம் இணைந்து பணியாற்றுவது இதனாலும் பெறுமதியானது.

தமிழுக்கே உரிய ஆபத்து இன்னொன்று. யுனிகோட் பரவுமுன் இலங்கையில் பாமினி எழுத்துரு பெருவழக்காக இருந்தது. அதில் தட்டிய கோப்பு உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படும். எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் எழுத்துக் குவியல். ஒரு பிட்கூடக் கெடாத கோப்பும் இப்படி வாசிக்க முடியாததாகிவிடும். அதனால் மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, யுனிகோடுக்கு மாற்றிய படியையும் அருகில் வைப்பதே உகந்தது. மென்பொருள்கள் வழக்கொழியும்போதெல்லாம் இம்மாற்றம் தொடர வேண்டியிருக்கும்.

கோப்போடு விபரணமும் சேமிக்கப்படுகிறது: ஆசிரியர், புனைபெயர், அச்சகம், ஊர், ஆண்டு, உரிமையாளரின் அனுமதி. புனைபெயரில் எழுதியவர் யாரென்ற தகவல் பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்களிடமே இருப்பதால், அதை அவர்கள் வாழும்போதே கேட்டுப் பதிய வேண்டியிருக்கிறது.