முகமூடியும் பெயரும்: மலிவுச் செலவுக் கௌபாய் படங்களில் நடிகரின் உடைமை

ரிபப்ளிக், மோனோகிராம் போன்ற சிறு கம்பெனிகள் 1930களின் நடுவிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள், ஒரு மணி நேரம் ஓடும் கௌபாய் படங்களை வரிசை வரிசையாக எடுத்துத் தள்ளின. தொலைக்காட்சி வந்ததும் இவை அழிந்தன என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மைதான். படங்கள் நின்றபோது நாயகர்களில் சிலர் முன்னைவிடப் பெரும் செல்வர் ஆனார்கள். சிலர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். இந்த வேறுபாட்டை நடிப்புத் திறமையைக் கொண்டு விளக்க முடியாது. பெயரும் உருவமும் எவர் கையில் இருந்தன என்பதே அதைத் தீர்மானித்தது.

கொலம்பியா கம்பெனியின் டுராங்கோ கிட் வரிசையை எடுத்துக்கொள்வோம். நாயகன் சார்லஸ் ஸ்டாரெட் கறுப்பு உடை உடுத்தி, முகத்தைத் துணியால் மறைத்து, வெள்ளைக் குதிரையில் வருவார். கதைக்கு அது மர்மம்; தயாரிப்பாளருக்கோ சிக்கனம். முகம் தெரியாததால் சண்டையையும் தாவலையும் ஜாக் மஹோனி போன்ற டூப் செய்துவிடலாம். உடை மாறாததால் பழைய படத்தின் துரத்தல் காட்சியை வெட்டிப் புதிய படத்தில் ஒட்டலாம். இந்தக் கணக்கில் நடிகரைவிட உடைக்கே மதிப்பு அதிகம். 1952இல் வரிசை முடிந்தது. ஸ்டாரெட்டும் அத்தோடு நடிப்பை விட்டார்.

ரிபப்ளிக்கில் நிலைமை வேறு. அங்கே ஜீன் ஆட்ரி திரையிலும் 'ஜீன் ஆட்ரி'யாகவே வருவார். அவர் படம் வேண்டுமென்றால் கம்பெனியின் மற்றப் படங்களையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று தியேட்டர்காரர்கள் நெருக்கப்பட்டார்கள். தன் பெயரைக் காட்டிப் பிறர் படங்களை விற்பதை எதிர்த்து 1938இல் அவர் வேலைக்கு வர மறுத்தார். உடனே லெனர்ட் ஸ்லை என்ற பாடகரை 'ராய் ராஜர்ஸ்' ஆக்கி அந்த இடத்தில் நிறுத்தியது கம்பெனி. பெயரே கம்பெனி சூட்டியது. ஆனால் ராஜர்ஸ் பின்னர், சம்பள உயர்வைவிடத் தன் பெயர், உருவம், குரல் ஆகியவற்றின் வணிக உரிமையே முக்கியம் என்று பேரம் பேசி எழுதி வாங்கிக்கொண்டார். கம்பெனி அதைப் பெரிதாக எண்ணவில்லை போலும்.

எல்லாரையும் மிஞ்சியவர் வில்லியம் பாய்ட். 1935 முதல் 66 படங்களில் ஹாப்பலாங் காசிடியாக நடித்தவர், சொத்தை விற்றும் கடன் பட்டும் அந்தப் பாத்திரத்தின் உரிமையையும் பழைய படங்களையும் வாங்கினார். 1949இல் என்.பி.சி. தொலைக்காட்சி அவற்றை ஒளிபரப்பியது; மறு ஆண்டே பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் அவர் படம் ஏறியது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பழைய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்கக் கூடாதென்று ராஜர்ஸும் ஆட்ரியும் தொடுத்த வழக்குகளில், 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரிபப்ளிக் பக்கமே தீர்ப்பளித்தது. அப்படியானால் ஒப்பந்தத்தால் என்ன பயன்? பயன் காலத்தில் இருந்தது. 1951இல் ராஜர்ஸ் பெற்ற தடையாணை நடப்பிலிருந்தபோதே அவருடைய சொந்தத் தொடர் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. ஆட்ரியோ அதற்கு முன்பே சொந்தக் கம்பெனி தொடங்கி, 1950 முதல் தொடர் நடத்திக்கொண்டிருந்தார்.

இந்த வாதம் நாயகர்களோடு நின்றுவிடுகிறது. அதே படங்களில் வண்டியோட்டியாகவும் கொள்ளையனாகவும் விழுந்து எழுந்தவர்களுக்குப் பேரம் பேசப் பெயரே இல்லை. 1960இல் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து மறுஒளிபரப்புப் பங்கு பெற்றபோதும், பழைய படங்களுக்கு அந்தப் பங்கு கிடைக்கவில்லை.