போருக்கு முன்பே பிறந்த வேகம்

ஹாட் ராட் என்றதும், இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய காரை வேகத்துக்காக மாற்றி உருவாக்கிய வண்டி என்றே பலரும் எழுதுகிறார்கள். ஆனால் தெற்குக் கலிபோர்னியாவின் பந்தயக் குழுக்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தது 1937-இல். அங்குள்ள மியூராக் என்ற வறண்ட ஏரிப்படுகையில் அதற்கு முன்பே இளைஞர்கள் வேகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரணம், மலிவு. 1927 வரை ஒன்றரைக் கோடி ஃபோர்டு மாடல் டி கார்கள் வெளிவந்திருந்தன. பழையது சல்லிசாகக் கிடைத்தது. 1932-இல் ஃபோர்டு தந்த 65 குதிரைத்திறன் வி8 எஞ்சினில் வால்வுகள் பிளாக்கிலேயே இருந்ததால், ஹெட் என்பது வெறும் தட்டை மூடிதான். அதைக் கழற்றி, அடிப்பரப்பைச் சிறிது இழைத்துப் பூட்டினால் அழுத்தம் கூடும், வேகமும் கூடும். மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைக்கவோ ஸ்பானர் போதும்.

கைத்தொழிலையும் காசையும் தந்தது போர்தானே என்று கேட்கலாம். தந்தது, மறுப்பதற்கில்லை, 1948-இல் ‘ஹாட் ராட்’ இதழ் தொடங்கியபோது வாங்க ஆள் இருந்ததும் அதனால்தான். ஆனால் போர் கூட்டத்தைப் பெருக்கியதே தவிர, வித்தையைத் தொடங்கி வைக்கவில்லை. அந்த வித்தை மலிவான பழைய காரில் பிறந்தது; இன்றோ 1932 ஃபோர்டு மாடல் பாடியே புதுத் தகட்டில் செய்து விற்பனைக்கு வருகிறது. அதில் கட்டிய வண்டியை மரபு ஹாட் ராட் என்பது தோற்றத்துக்கு மட்டுமே பொருந்தும்.